அடுத்தவள் கட்டிய ஈ

"அது ஈ இல்ல எல்லிஸ். ஒருத்தியோட கை அது!"

"ஈதான். கவுதாரி இறகு, ஆரஞ்சு நூல், ஒரு தூண்டில் முள்ளு. வேற என்ன இருக்கு அதுல—"

"வேற என்ன இருக்கா? நான் என்ன கேட்டேன், நீ என்ன—"

"—நீ பேச விட்டாத்தானே—"

"—தொப்பியில குத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்க. சாப்பலுக்குள்ள வேற!"

"சாப்பலுக்குள்ள தொப்பியைக் கழட்டிட்டேன்."

"கழட்டி மடியில வச்சிருந்த. பிரசங்கம் முடியற வரைக்கும் அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

எல்லிஸ் லாம்பர்ட் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். சாந்து இல்லாமல், கல்லின்மேல் கல்லை அடுக்கி ஆட்டுப் பட்டிகளுக்குச் சுவர் எழுப்புகிறவன். வார்ஃப் ஆற்றின் இரண்டு கரையிலும் அவன் கை படாத சுவர் குறைவு. கல்லோடு இருந்து இருந்து அவனுக்குப் பேச்சு கெட்டியாகிவிட்டது என்று ஊரில் கேலி உண்டு.

தெர்ஸா தொப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் கட்டுகிற பொய் ஈ அது; உடம்புக்குப் பட்டு நூல், காலுக்கு ஓர் இறகு, வேறு ஒன்றும் கிடையாது. அதனால்தான் அந்தப் பள்ளத்தாக்கில் இந்த ஈக்களைச் சிலந்தி என்பார்கள். இவ்வளவு சொற்பத்தில் எதையும் ஒளிக்க முடியாது. கட்டியது யாரென்று கையெழுத்துப்போலத் தெரிந்துவிடும். தெர்ஸா கட்டினால் நூல் முள்ளின் வளைவுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும். தலை இருக்கிறதா என்று தேட வேண்டும். இதில் நூல் வளைவுவரை இறங்கியிருந்தது. தலை கடுகுபோல உருண்டு நின்றது. இறகின் ஒரு பக்கத்தை உரித்துவிட்டுச் சுற்றியதில் கால்கள் பாதியாகக் குறைந்து, ஏதோ பணக்கார வீட்டுப் பெண் கையை நீட்டுவதுபோல மெலிசாக நீண்டிருந்தன.

"எட்னா ரெய்ஸ்ட்ரிக்," என்றாள் தெர்ஸா.

"மிஸஸ் ரெய்ஸ்ட்ரிக்தான். அவங்க கோழிக்கூட்டுச் சுவர் சரிஞ்சு கெடந்துச்சு. எடுத்துக் கட்டினேன். டீ குடுத்தாங்க. போறப்ப இந்த ஈயைக் குடுத்தாங்க. இதுல என்ன இருக்கு?"

"டீயோட என்ன குடுத்தா?"

"என்ன?"

"தின்ன என்ன குடுத்தான்னு கேக்கறேன்."

"இஞ்சி கேக்கு."

"நல்லா இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று தெரிகிற அளவுக்கு எல்லிஸுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. மற்ற ஷூவையும் கழற்றினான்.

எட்னா ரெய்ஸ்ட்ரிக் ஓட்லி பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் செத்தபிறகு, பாலத்தடியில் காலியாகக் கிடந்த கடைசி வீட்டில் குடியேறினாள். தையற்காரன் பெண்டாட்டி, விரல் சும்மா இருக்காது. ஸ்கிப்டனில் ஒரு தூண்டில் கடைக்கு ஈ கட்டிக் கொடுத்தாள். அவள் வரும்வரை அந்த ஊரில் ஈ என்றால் தெர்ஸா. எல்லிஸும் பெண் பார்க்கிற காலத்திலிருந்து வேறு யாருடைய ஈயையும் தண்ணீரில் போட்டதில்லை. மோதிரம் வாங்கித்தர வக்கில்லாத காலத்தில் அவளிடம் ஈ வாங்கிக்கொண்டு போய், பிடித்த மீனைக் கொண்டுவந்து அவள் அப்பாவிடம் கொடுத்தே சம்மதம் வாங்கினவன்.

"சனிக்கிழமை மேல் முள்ளுல போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்," என்றான் தரையைப் பார்த்தபடி.

தூண்டில் நரம்பு ஒன்றில் மூன்று ஈ கட்டி வீசுவது அங்கே பழக்கம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று.

"போடேன்."

"மூணுல ஒண்ணுதானே புள்ள. மத்த ரெண்டும் உன்னோடது."

"அடடா, என்ன தாராளம்! கட்டில்லயும் அப்படியே கணக்குப் போடுவியா? மூணுல ஒரு எடம் அவளுக்கு?"

"தெர்ஸா!"

"கத்தாத. பக்கத்து வீட்ல ஆட்டுக்கறி வேகுது, அவங்க காதும் சேர்ந்து வேகும்."

"உன் ஈ எதுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால தடவிச் சொல்லிடுவேன். அதை விட்டுட்டு எங்க போகப் போறேன்?"

அந்தப் பேச்சில் அவளுக்குக் கொஞ்சம் ஆறியது. ஆனால் அடங்கவில்லை.

*

புதன்கிழமை தூறல். எல்லிஸ் மேட்டு வயலுக்குப் போய்விட்டான். தெர்ஸா இறகுப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தொப்பியிலிருந்து எட்னாவின் ஈயைக் கழற்றிச் சாசரில் வைத்தாள். பூனை வந்து எட்டிப் பார்த்தது.

"போடி அந்தப் பக்கம். உனக்கும் அவ ஈதான் வேணுமா?"

முதலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெறும் விரல்களில் முள்ளைப் பிடித்து, எட்னாவைப்போலவே உடம்பை நீட்டினாள். இறகை ஒரு பக்கம் உரித்தாள். தலையில் வேண்டுமென்றே கூடுதலாகச் சுற்றிக் கடுகை உருட்டினாள். சாசரில் இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது அவளுக்கே ஒரு நிமிஷம் தடுமாறியது.

"என்னா பெரிய கை! மத்தியானச் சோத்துக்குள்ள கத்துக்கலாம்," என்றாள் பூனையிடம்.

அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது.

தான் கட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டினாள். இந்தத் தடவை நூலுக்கு மெழுகு தேய்க்கவில்லை. செம்மான் மெழுகை நூலில் தேய்க்காமல் ஈ கட்டுவது உப்பு இல்லாமல் பன்றித்தொடை பதப்படுத்துகிற மாதிரி, நிற்காது. தலையில் முடிச்சை உள்ளே இழுத்துப் பூட்டாமல், ஒரே ஒரு தளர்ந்த கண்ணி போட்டு விட்டாள். பார்வைக்கு எட்னா ரெய்ஸ்ட்ரிக்கேதான். தண்ணீரில் பத்து வீச்சு தாங்காது. நூல் அவிழும், இறகு தொங்கும், எல்லிஸ் கரையில் நின்று திட்டுவான்: ஓட்லிக்காரி ஈ ஒரு மத்தியானம்கூடத் தாங்கலையே!

அதைத் தொப்பியில் குத்திவிட்டு, நிஜ ஈயை அடுப்பில் போட்டாள். இறகு பொசுங்கும் நாற்றம் சமையலறையெல்லாம் அடித்தது. ஜன்னலைத் திறந்துவைத்தாள். கீழே புல்வெளியில் ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.

"நீங்க வேற கத்தாதீங்க," என்றாள்.

*

சனிக்கிழமை மதியம் கூடையை எடுத்துக்கொண்டு, கரையில் காட்டுப்பூண்டு இலை பறிக்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒருத்தி கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றாள்.

"நல்ல வெயில், மிஸஸ் லாம்பர்ட்."

"நல்ல வெயில்தான், மிஸஸ் ரெய்ஸ்ட்ரிக். காத்து வாங்க வந்தீங்களா?"

"ஆமா. நீங்க?"

"பூண்டு இலை பறிக்க."

"பாலத்து மேலயா?"

தெர்ஸா கூடையை மறு கைக்கு மாற்றினாள். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். மேலே, பெரிய கல் அருகே, எல்லிஸ் தொடையளவு தண்ணீரில் நின்று எதிர்நீரோட்டத்தில் வீசிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. குட்டையாக வீசினான், ஈ கொஞ்சம் மிதந்து வந்ததும் எடுத்தான், மறுபடி வீசினான்.

"அழகா வீசறாரு," என்றாள் எட்னா.

"பழக்கம்தான்."

"இல்ல, சில பேருக்கு எத்தனை பழகினாலும் வராது. என் வீட்டுக்காரர் வீசினா வண்ணான் துணி அடிக்கிற மாதிரி இருக்கும்."

சிரிப்பு வந்தது தெர்ஸாவுக்கு. இவளிடம் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கழி வளைந்தது. மீன் ஒரு தடவை வெள்ளியாகப் புரண்டது. எல்லிஸ் அதை வலையில் வாரி எடுத்து, ஈயை வாயிலிருந்து கழற்ற நரம்பைத் தூக்கிப் பிடித்தான். நரம்பில் மேலே, கழிக்குப் பக்கத்திலேயே பிடித்தான்.

"மேல் ஈ போல இருக்கே," என்றாள் எட்னா. குரலை அடக்கித்தான் சொன்னாள். கன்னம் சிவந்திருந்தது.

"இவ்வளவு தூரத்துல எப்படித் தெரியும்?"

"இல்ல, அப்படித் தோணுச்சு."

தெர்ஸா மனத்துக்குள் வீச்சுகளை எண்ணினாள். இப்போது அவிழும், இதோ அவிழும். மறுபடி கழி வளைந்தது. மறுபடி மேல் ஈ. கல்லுக்கு அந்தப் பக்கம் போனான், அங்கேயும் வளைந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்பவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. சூடான இரும்பைக் காதருகே கொண்டுவருவதுபோல இருந்தது தெர்ஸாவுக்கு. கடைசியாக வளைந்தபோது கழி நிமிரவே இல்லை. எல்லிஸ் மீன் இழுத்த இழுப்புக்குக் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே பாலத்தருகே வந்துவிட்டான். கரையில் போட்டபோது அது அவன் முன்னங்கை நீளம் இருந்தது. ஆறு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான். கல்லாகக் கிடந்த வாய்க்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ!

"மிஸஸ் ரெய்ஸ்ட்ரிக்! உங்க ஈ! எல்லாமே உங்க ஈ!"

அப்புறம்தான் பக்கத்தில் நின்ற தன் பெண்டாட்டியைக் கவனித்தான்.

"அட, தெர்ஸா! நீயுமா?"

*

அன்று மாலை டிரவுட் மீன்களை ஓட்ஸ் மாவில் புரட்டி, பன்றிக்கொழுப்பில் பொரித்தாள். அவன் தட்டில் பெரியதை வைத்தாள். தன் தட்டில் ரொட்டி வைத்தாள்.

"நீ மீன் எடுத்துக்கலையா?"

"முள்ளு சிக்கும்."

"டிரவுட்டுல என்ன முள்ளு?"

"எனக்குச் சிக்கும்."

எல்லிஸ் இரண்டு வாய் தின்றான். முகமெல்லாம் பூரிப்பு. அவனாகப் பேசினான், அதுவே அதிசயம்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. மூணாவது மீனுக்கு அப்புறம் நூல் அவிழ்ந்துபோச்சு. வால் மாதிரி பின்னால தொங்குது. இறகு பாதி உரிஞ்சு கழுத்துல ஆடுது. சரி, தூக்கிப் போடலாம்னு நெனச்சேன். கடைசியா ஒரு வீச்சு போட்டா, அடேயப்பா! அதுக்கப்புறம்தான் வெறி புடிச்ச மாதிரி வருது. கூட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரத் தவிக்கிற பூச்சி மாதிரியே இருந்திருக்கும் போல."

"ஓகோ."

"அதை வேணும்னே அப்படிக் கட்டியிருக்காங்க பாரு. அவிழறதுக்குன்னே கட்டினது. எப்படித்தான் தோணுச்சோ! அடுத்த சனிக்கிழமை மேலூர்க்காரனுங்களோட போட்டி இருக்குல்ல? அதே மாதிரி ஆறு கட்டிக் குடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

தெர்ஸா ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். இரண்டையும் நாலாகப் பிய்த்தாள்.

"என் ஈ ரெண்டுல எத்தனை வந்துச்சு?"

"உன்னோடதுலயா? வந்துச்சு... கொஞ்சம் சின்னது. அது நல்லாத்தான் இருந்துச்சு புள்ள. உன்னோடது எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

எப்பவும் நல்லாத்தான் இருக்கும். இட்ட கஞ்சியைப் பற்றிச் சொல்வதுபோல.

*

செவ்வாய்க்கிழமை காலை எட்னா பின்வாசல் கதவைத் தட்டினாள். கையில் தீப்பெட்டி ஒன்று வைத்திருந்தாள்.

"வரலாமா?"

"வந்துட்டீங்களே."

தெர்ஸா டீ மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம், வெறும் டீ கொடுத்தாள் என்று ஊரில் சொல்லிவிடக்கூடாதே என்று, பழக் கேக்கையும் சீஸையும் எடுத்து வைத்தாள். எட்னா இரண்டையும் தொடவில்லை. தீப்பெட்டியைத் தள்ளித் திறந்தாள். உள்ளே அந்த ஈ, நூல் அவிழ்ந்து, ஒரு முடிபோல இறகு ஆடிக்கொண்டு கிடந்தது.

"நேத்து அவர் கொண்டாந்து குடுத்தாரு. இதே மாதிரி ஆறு வேணும்னாரு."

"கட்டிக் குடுங்க. உங்க தொழில்தானே."

"இது நான் கட்டினதில்ல."

"நீங்கதானே குடுத்தீங்க."

"நான் குடுத்ததைக் கட்டினது வலது கை." எட்னா தொங்கிய நூலை ஊசி முனையால் நிமிர்த்தினாள். "இந்த நூல் எந்தப் பக்கமா அவிழுதுன்னு பாருங்க. எனக்கு இந்தப் பக்கம் வராது. நான் தலைகீழா நின்னு கட்டினாலும் வராது. இதைச் சுத்தினது இடது கை."

தெர்ஸாவின் இடது கை தானாக முந்தானைபோல் தொங்கிய ஏப்ரனுக்குள் போனது. உடம்பைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், இறகைப் பார்த்துப் பார்த்து உரித்தாள். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற கையை மட்டும் மறந்துபோனாள்.

"ஊர்ல வேற யாருக்காச்சும் இடது கை இருக்கும்," என்றாள்.

"இருக்கும். ஈ கட்டறவங்க இல்ல."

"என் கையை எப்பப் பாத்தீங்க நீங்க?"

"கையைப் பாக்கல. இங்க குடி வந்த புதுசுல ஸ்கிப்டன் கடையில உங்க ஈ ஒண்ணு இருந்துச்சு. பழைய சரக்கு. அட்டையிலேர்ந்து எடுத்துப் பாத்தேன். இடது கைக்காரி, குட்டையா நிறுத்தறவ. அன்னைக்கே தெரியும். ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல."

"ஏன்?"

"ஏனா? அவ்வளவு முன்னால நூலை நிறுத்தறதுக்கு ஒரு துணிச்சல் வேணும் மிஸஸ் லாம்பர்ட். எனக்கு அது வராது. போதும்னு மனசு சொல்லும், கை கூட ஒரு சுத்துப் போட்டுடும். எரிச்சலா வந்துச்சு."

உலகத்தில் யாரும் தெர்ஸாவின் வேலையைப் பற்றி இதுவரை இப்படிச் சொன்னதில்லை. சொன்னது இவளாக இருக்க வேண்டுமா! அந்தச் சந்தோஷத்தை ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. வேறு ஒன்று உறைத்தது.

"எல்லிஸ் பாத்தானா? இந்த நூல் ஓடற பக்கத்தை அவன் பாத்தானா?"

எட்னா கப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கேக்கறேன்ல? என்ன சொன்னான்?"

"வாசல்ல நின்னாரு. உள்ள வரல. இதை உள்ளங்கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், 'உங்க கை தனிக் கை மிஸஸ் ரெய்ஸ்ட்ரிக். ஆயிரத்துல கண்டுபிடிச்சுடலாம்'னாரு."

அடுப்பில் கெட்டில் முனக ஆரம்பித்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாயை மூடிக்கிட்டேன். என்ன சொல்லச் சொல்றீங்க? ஊரே என்னைப் புகழுது. பால்காரர் புகழறாரு. பாதிரியார் நின்னு விசாரிக்கறாரு. எல்லாம் நீங்க கெடுத்து வச்ச ஒண்ணுக்காக. அது கெடக்கட்டும். என்னோட நெஜ ஈ எங்க?"

தெர்ஸா அடுப்பைப் பார்த்தாள்.

"எரிச்சிட்டியா?"

"ஆமா."

"அடிப்பாவி! எத்தனை கவுதாரியைப் புரட்டிப் பொறுக்கின இறகு தெரியுமா அது?"

"அதை ஏன் என் புருஷனுக்குக் குடுத்த?"

"சுவர் கட்டிக் குடுத்தாரு!"

"கேக்கு குடுத்தியே, போதாதா? வேற யாருக்காச்சும் ஈ குடுத்திருக்கியா இந்த ஊர்ல? பாதிரியாருக்குக் குடுத்தியா? பால்காரருக்குக் குடுத்தியா?"

எட்னா தீப்பெட்டியைத் தள்ளி மூடினாள். கழுத்துவரை சிவந்தது.

"உன் ஈ போடற கழியில ஒரு நாள் என்னோடது ஆடட்டும்னு நெனச்சேன்," என்றாள் கடைசியில். "அது உன்னைப் பாத்துத்தான். அவரைப் பாத்து இல்ல."

"நெஜமா?"

"தொண்ணூறு பங்கு."

தெர்ஸா மேஜையில் கையை ஊன்றி எழுந்தாள். அந்த மீதிப் பத்துப் பங்கைப் பற்றிக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. இறகுப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"இப்ப சாப்பிட வருவான். நீ ஒண்ணு கட்டு. நான் ஒண்ணு கட்டறேன். ஒழுங்கா, மெழுகு போட்டு, அவங்க அவங்க கையில. சாசர்ல வைப்போம். என்னோடது எதுன்னு அவன் காட்டட்டும்."

"காட்டினா?"

"நடந்ததெல்லாம் நானே என் வாயால சொல்றேன். உன் பேரும் சுத்தமாயிடும்."

"காட்டலைன்னா?"

"சனிக்கிழமைக்கு நீயே கட்டிக் குடு. மேல் முள்ளு, நடு முள்ளு, கீழ் முள்ளு, எல்லாம். நான் இனிமே நூலைத் தொடமாட்டேன்."

"உனக்குப் பைத்தியமா? ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும் இதெல்லாம்? ஈயை அவங்க பாக்கறதில்ல, மீனைப் பாப்பாங்க."

"நீ கட்டறியா, மாட்டியா?"

எட்னா பெருமூச்சு விட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இறகுகளைக் கிளறினாள். "பரவால்ல, நல்ல இறகெல்லாம் வச்சிருக்க," என்றாள். "எடுத்துக்கோ, திருடாத," என்றாள் தெர்ஸா. இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து கட்டினார்கள். இரண்டு பேர் கையும் ஒன்றை ஒன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல அசைந்தன. நூலை நிறுத்துகிற இடம் வந்ததும் எட்னா கண்ணைத் தூக்கி, தெர்ஸா நிறுத்துவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தான் கூட ஒரு சுற்றுப் போட்டாள்.

"பாத்தியா? போட்டுட்டேன்."

"பாத்தேன்."

"இன்னும் கொஞ்சம் குட்டையா நிறுத்தேன். அவருக்குச் சுலபமா இருக்கும்."

"உன் உதவி ஒண்ணும் வேண்டாம்."

எல்லிஸ் பின்வாசலில் பூட்ஸை உதறும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவன் இரண்டு பெண்களையும் ஒரே மேஜையில் பார்த்ததும், வேலியில் தலை மாட்டிய ஆடுபோல நின்றுவிட்டான்.

"என்ன... சண்டையா?"

"சண்டை இல்ல. கையைக் கழுவு."

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. கழுவிட்டு வா."

கழுவினான். துண்டில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். தெர்ஸா இரண்டு ஈயையும் வைத்த சாசரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எல்லிஸ், இதுல எது என்னோடது?"

அவன் சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. சிரிப்பு அவன் வாயிலேயே நின்றுபோனது.

"எதுக்கு இதெல்லாம்? சாப்பாடு ஆறுது."

"சாப்பாடு இன்னும் அடுப்புலதான் இருக்கு. சொல்லு."

சாசரைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். சுவர் கட்டுகிறவன் கையில் எடுத்த கல்லைக் கீழே வைக்கமாட்டான்; அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பான். இன்றைக்கு ஒன்றை எடுத்தான், வைத்தான். மற்றதை எடுத்தான், வைத்தான். முதலாவதை மறுபடி எடுத்து, தடித்த கட்டைவிரலால் மெல்ல உருட்டினான். மூக்கருகே கொண்டுபோனான். வெளிச்சத்தில் திருப்பினான். கெட்டில் கொதித்து மூடி தட்டியது, யாரும் எழுந்து போகவில்லை. தெர்ஸா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, அவன் எதைத் தொட்டாலும் கண் இமைக்காமல் இருந்தாள். அவன் அந்த முகத்தையும் ஒரு தடவை பார்த்தான். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு ஈக்களையும் உள்ளங்கையில் வைத்தபடி திரும்பினான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் பக்கம் குனிந்து, 'மிஸஸ்' போட மறந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"எட்னா, இதுல உன்னோடது எதுன்னு நீ மட்டும் சொல்லிடேன்."